கடைக்கும் ஓட்டலுக்கும் கான்கிரீட் தரை: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் புதிதாகக் கடையோ ஓட்டலோ காபி ஷாப்போ போடுகிறவர்கள் பலர் டைல்ஸுக்குப் பதிலாகக் கான்கிரீட் தரை போடலாமா என்று கேட்கிறார்கள். பாலிஷ் போட்டு முடித்த தரையின் படத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அந்த ஆசை வருகிறது. ஆனால் தரை எப்படி வரும் என்பது பாலிஷ் மெஷின் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, கான்கிரீட் கொட்டும் அன்றைக்கே முடிவாகிவிடும். அதனால் இங்கே உள்ள பதில்களில் பெரும்பகுதி, கொட்டுவதையும் தண்ணீர் விடுவதையும் பற்றியே இருக்கிறது.

கான்கிரீட் தரை என்றால் நம் வீட்டுச் சிமென்ட் தரைதானே?

இல்லை. வீட்டுச் சிமென்ட் தரையில் அடியில் ஜல்லிக் கான்கிரீட் போட்டு, அது காய்வதற்குள் மேலே சிமென்ட் பால் ஊற்றிக் கரண்டியால் இழைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிவது அந்த மெல்லிய தோல் மட்டும்தான். ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும் வீட்டில் அது தாங்கும். நாளெல்லாம் செருப்புக் கால் மிதிக்கும் கடையில் தோல் தேய்ந்து தூசி கிளம்பும், மயிரிழை விரிசல் வலைபோல் ஓடும்.

பாலிஷ் கான்கிரீட்டில் அந்தத் தோலையே எடுத்துவிடுகிறோம். வைரத்துகள் பதித்த கட்டைகளை மெஷினில் மாட்டி, 30 அல்லது 40 நம்பரில் தொடங்கி 80, 150, 400, 800 என்று படிப்படியாக இழைப்பார்கள்; நம்பர் கூடக் கூட இழைப்பு நுண்ணியதாகும். நடுவில் டென்சிஃபையர் என்ற சிலிகேட் திரவத்தை ஊற்றுவார்கள். அது கான்கிரீட்டுக்குள் மிச்சமிருக்கும் சுண்ணாம்புடன் சேர்ந்து கெட்டியாகி, நுண்துளைகளை அடைக்கிறது. தரையின் பளபளப்பு கான்கிரீட்டின் சொந்தப் பளபளப்பு; மேலே எதுவும் பூசியதில்லை. எவ்வளவு ஆழம் இழைக்கிறோமோ அதற்கேற்ப மணலோ ஜல்லியோ வெளியே தெரியும்.

இன்னொரு வகை மைக்ரோ டாப்பிங். பாலிமர் கலந்த சிமென்ட் கலவையை 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் ஏற்கெனவே உள்ள தரைமேல் இழுத்து, தண்ணீரும் கறையும் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலரை மேலே அடிப்பது. பார்க்கக் கான்கிரீட் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த அளவுக்கு நாள்பட உழைக்காது. எபாக்சி, பியு (பாலியூரித்தேன்) என்பவை பிசின் வகை மேல்பூச்சுகள். அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

பழைய கட்டடம். மொசைக் தரை இருக்கிறது. உடைத்துவிட்டுக் கான்கிரீட் போடலாமா?

தயவுசெய்து உடைக்காதீர்கள். மொசைக் என்பதே சிமென்டும் சலவைக்கல் சில்லும் கலந்த கான்கிரீட்தான். அதே வைர மெஷினால் இழைத்து, ஓட்டைகளை அடைத்துப் பாலிஷ் போட்டால், இன்றைக்குப் புதிதாகப் போட ஆள் கிடைக்காத ஒரு தரை உங்களுக்குக் கிடைக்கும். ரெட் ஆக்சைடு தரையும் அப்படித்தான், ஆனால் அதில் நிறம் மேல்தோலில் மட்டும் இருப்பதால் ஆழமாக இழைக்கக் கூடாது. சுத்தம் செய்து, லேசாகத் தேய்த்து, மெழுகோ சீலரோ கொடுத்தால் போதும்.

வாடகைக் கடை. டைல்ஸ் மேலேயே போட முடியுமா?

மைக்ரோ டாப்பிங் போடலாம். முதலில் ஒவ்வொரு டைலையும் கட்டையால் தட்டிப் பாருங்கள். 'டொக்கு டொக்கு' என்று வெற்றுச் சத்தம் வருகிற டைலைப் பெயர்த்து அங்கே நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அதன்மேல் போட்டதும் சேர்ந்து உடையும். டைல் இணைப்புகளை நிரப்பி, வழவழப்பைச் சொரசொரப்பாக்கி, வலைத்துணி ஒட்டி அதன்மேல் போட வேண்டும். வலைத்துணியை விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் டைல் கோடுகள் மேலே தெரிய ஆரம்பிக்கும். 11 மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே கை வைக்கவும். போட்ட தரையைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

முதல் மாடியில் கடை. 2 அங்குலம் கான்கிரீட் போட்டுப் பாலிஷ் செய்யலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடிக்கு 2 அங்குலம் என்றால் ஏறக்குறைய 4.7 கனமீட்டர். ஒரு கனமீட்டர் கான்கிரீட் சுமார் 2400 கிலோ. ஆக, தளத்தின்மேல் 11 டன்னுக்கு மேல் ஏற்றுகிறீர்கள். அதற்கு மேல் ரேக், சரக்கு, ஆட்கள். கட்டட வரைபடம் பார்த்த ஒரு பொறியாளர் சரி என்று சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. மாடிக்கு மைக்ரோ டாப்பிங்தான் என் பரிந்துரை.

வேலூர் வெயிலில் கான்கிரீட் தரை போடுவதில் என்ன சிக்கல்?

பெரிய சிக்கல் இதுதான். 40 டிகிரிக்கு மேல் போனாலே அதை வெப்பக்காலக் கான்கிரீட் வேலையாக எடுத்துக்கொண்டு தனிக் கவனத்துடன் செய்யச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். கத்திரி வெயிலில் நம் ஊர் அந்தக் கோட்டைச் சாதாரணமாகத் தாண்டும். கொட்டிய கான்கிரீட்டின் மேல் ஈரம், அடியிலிருந்து நீர் மேலே வரும் வேகத்தைவிட விரைவாக ஆவியாகிவிடுகிறது. மேல்பகுதி சுருங்குகிறது, அடிப்பகுதி இன்னும் இளகலாக இருக்கிறது. கொட்டிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பிளவு விழுந்துவிடும். அதைச் சிமென்ட் தூவி மூடிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து வைர மெஷின் அந்தத் தூளை எடுக்கும்போது பிளவு அப்படியே கீழே இருக்கும்.

அதனால் ஏப்ரல், மே மாதங்களில் கொட்டியே தீர வேண்டும் என்றால் மாலையில் தொடங்குங்கள். ஷட்டரையும் ஜன்னலையும் மூடி அனல் காற்றைத் தடுங்கள். அடித்தளத்தை முன்கூட்டியே நனைத்துவிடுங்கள், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. ஜல்லியை நிழலில் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள். மட்டப்பலகை இழுத்த உடனே பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, கரண்டி வேலைக்கு மட்டும் திறந்துகொள்ளுங்கள். இளகல் போதவில்லை என்று மேஸ்திரி குடத்தைத் தூக்கினால் நிறுத்துங்கள். 50 கிலோ மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர் வரைதான், அதுவும் மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. அதற்கு மேல் இளகல் வேண்டுமானால், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக வைக்கும் பிளாஸ்டிசைசர் ஊற்றுவதுதான் வழி. கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பிற்பாடு ஆவியாகி, விட்டுப்போன இடமெல்லாம் துளையாகிறது. அந்தத் துளைகளில்தான் நாளைக்கு உங்கள் சாம்பார் இறங்கும்.

கெட்டிப்பட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். இங்கே பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். அதற்கும் இந்த வெயிலுக்கும் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும்; 14 நாள் விட்டால் இன்னும் நல்லது. சாக்குப் போடுவதானால் பழைய, சாயம் போகாத சாக்காகப் பாருங்கள். சுருக்கம் விழுந்த பிளாஸ்டிக்கை நாள்கணக்கில் போட்டு வைத்தால் சுருக்கத்தின் கோடெல்லாம் நிறத் திட்டாகப் பதிந்துவிடும். பாலிஷிலும் அது போகாது.

போர்த் தண்ணீரில் கலக்கலாமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும், ஆனால் கேட்பவர்கள் குறைவு. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் தொழில் நடக்கும் இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. குடிக்க முடியாத தண்ணீர் கட்டடத்துக்கு ஆகும் என்ற எண்ணம் தவறானது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 விதிப்படி, கலக்கும் நீரில் குளோரைடு, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராமும், கம்பி உள்ளதற்கு 500 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. சல்பேட் 400 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அமிலத்தன்மை காட்டும் பி.எச். அளவு 6-க்குக் கீழே போகக் கூடாது.

உப்புத் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பது ஒரு பக்கம். பாலிஷ் தரைக்கு உடனடித் தொல்லை உப்புப் பூத்தல். தரை காயக் காய வெள்ளையாகப் படியும். துடைத்தால் போகும், மறுநாள் திரும்ப வரும். சீலருக்கு அடியில் பூத்தால் சீலரையே தள்ளிவிடும். ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நல்ல தண்ணீர் லாரி வாங்கிவிடுங்கள். பாத்தி கட்டும் தண்ணீருக்கும் இதே விதிதான்.

என்ன கனம், எவ்வளவு கான்கிரீட் வேண்டும்?

தரைமட்டக் கடைக்கு 4 அங்குலம்; கான்கிரீட்டின் வலுவைக் குறிக்கும் தரம் எம்25. 1000 சதுர அடிக்கு 333 கன அடி, அதாவது சுமார் 9.4 கனமீட்டர். அந்த அளவு என்றால், ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் வாங்குவதே மேல். ஒரே கலவை வருவதால் நிறம் ஒரே மாதிரி இருக்கும். கலந்த 2 மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும், வெயிலில் அதற்கும் முன்பே. நெரிசலான பஜார் தெருவில் கடை என்றால் லாரி நிற்க இடமும் நேரமும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்திலேயே கலப்பதானால் ஒரே பிராண்டு சிமென்ட், ஒரே குவாரி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்). நடுவில் மாற்றினால் பாலிஷுக்குப் பிறகு எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்று கோடு போட்டதுபோல் தெரியும். எம்-சாண்டில் கல்தூள் அதிகமிருந்தால் தண்ணீர் அதிகம் கேட்கும், ஆகவே கழுவிய மணலாக வாங்குங்கள்.

விரிசலே வராது என்று கான்ட்ராக்டர் எழுதித் தருகிறார். நம்பலாமா?

அப்படி எழுதித் தருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் எங்காவது பிளக்கும். நம்மால் செய்ய முடிந்தது, பிளக்கும் இடத்தை நாமே தீர்மானிப்பது. அதற்காக 4 அங்குலத் தரையில் 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு மெஷினால் வெட்டிவிடுவார்கள். தரையின் கனத்தில் கால் பங்கு, அதாவது 1 அங்குலம் ஆழம். மறுநாள் காலை வெட்டலாம் என்று விட்டுவிட்டால் கோடையில் அதற்குள் அது தானாகவே பிளந்திருக்கும். விளிம்பு சிதறாமல் வெட்ட முடிகிற அளவுக்குக் கெட்டிப்பட்டதும் வெட்டிவிட வேண்டும். தூணைச் சுற்றியும் சுவரோரத்திலும் மெல்லிய ஃபோம் ஷீட் வைத்துத் தரையைப் பிரித்துவிடுங்கள். தூண் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் பிளவு பெரும்பாலும் இதை விட்டதால் வருவதே. வெட்டுக் கோடுகள் தூணுக்குத் தூண் நேராகப் போனால் அதுவே ஒரு அழகு.

தரையில் ஈரம் ஏறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் வருகிறது. அப்படியானால் எபாக்சி அடிக்காதீர்கள், கொப்புளம் வரும். புதிதாகக் கொட்டுவதானால் கான்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்துவிடுங்கள்.

பளபளப்பான தரை வழுக்காதா?

காய்ந்திருக்கும்போது வழுக்காது. தண்ணீரும் எண்ணெயும் பட்டால் வழுக்கும். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓட்டல் நடத்துகிறவர்களிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். அங்கே சாப்பிட வருகிறவர்களில் கட்டுப் போட்ட கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, முந்தாநாள் அறுவை சிகிச்சை முடிந்து மெல்ல நடக்கிறவர் எல்லோரும் உண்டு. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் உறவினருடன் வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் அவர்கள். அவர்கள் விழக் கூடாது.

அப்படிப்பட்ட இடத்தில் 3000 நம்பர் வரை இழைத்துக் கண்ணாடி ஆக்க வேண்டியதே இல்லை. 400-இல் நிறுத்தினால் மங்கலான, நல்ல பிடிப்புள்ள தரை கிடைக்கும். கை கழுவும் இடத்தையும் வாசலையும் அதைவிடச் சொரசொரப்பாக விடுங்கள். கான்கிரீட் தரையின் பெரிய நன்மை, கடை முழுக்க ஒரே மட்டமாகப் போக முடிவது. நடுவில் படி, கட்டை எதுவும் வைக்காதீர்கள். வாசலில் 6 அங்குல உயரம் என்றால் 6 அடி நீளத்துக்குச் சரிவு கொடுத்தால் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏறும்.

பிரியாணி ஓட்டல். கறை பிடிக்குமா?

பிடிக்கும். ஆம்பூர்ப் பிரியாணி இலையை நினைத்துப் பாருங்கள்: புளி போட்ட கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி, நெய், மசாலா எண்ணெய். இதில் எண்ணெயும் மஞ்சளும் கறையாக்கும். புளி, தயிர், எலுமிச்சை செய்வது வேறு வேலை. அவற்றின் அமிலம் கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்து, பளபளப்பை அந்த இடத்தில் மட்டும் சாப்பிட்டுவிடும். அது கறை இல்லை, அரிப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது, மறுபடி இழைக்கத்தான் வேண்டும். டென்சிஃபையர் போட்டால் கறையே பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. தரையைக் கெட்டியாக்குவது மட்டுமே அதன் வேலை. கறைக்கு மேலே தனியாகச் சீலர் வேண்டும், சிந்தியதை உடனே துடைக்கும் ஆளும் வேண்டும். இரண்டும் முடியாத, ஓயாத கூட்டமுள்ள ஓட்டல் என்றால் நிறத் திட்டுகள் வரும் என்று ஒத்துக்கொண்டு போடுங்கள், அல்லது கிரானைட்டுக்குப் போய்விடுங்கள்.

சமையலறைக்கும் அதே தரை போடலாமா?

கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 2011 விதிகளின் நான்காம் அட்டவணை, தரை நல்ல நிலையில், எளிதில் கழுவித் துடைக்க ஏற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அமிலமும் எண்ணெயும் இரவு பகல் விழும் இடத்தில் பாலிஷ் கான்கிரீட் அந்த நிலையில் நிற்காது. கொதிக்கும் வடிகஞ்சி விழுந்தால் சாதாரண எபாக்சி இளகும். பியு கான்கிரீட் 6 முதல் 9 மில்லிமீட்டர் போட்டால் கொதிநீரையும் தாங்கும். செலவைக் குறைக்கக் கடப்பா கல் பதித்து, இணைப்புகளை எபாக்சி கிரவுட்டால் அடையுங்கள். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வைத்து வடிகாலை நோக்கிச் சரியுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையை வளைவாக முடித்தால் அழுக்குத் தங்காது. விறகடுப்பில் தேக்சா (பிரியாணி அண்டா) வைக்கிற இடத்தில் கான்கிரீட்டின் மேல் நேராக நெருப்புப் படக் கூடாது, மேல்பகுதி சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அங்கே தீச்செங்கல்.

ஹாலுக்கு எபாக்சி?

உள்ளே, வெயில் படாத இடமானால் சரி. கண்ணாடி முகப்பு வழியே வெயில் விழும் இடத்தில் மஞ்சளாகும்.

தரை, சுவர் எல்லாமே கான்கிரீட் என்றால் சத்தம் எதிரொலிக்காதா?

நிச்சயம் எதிரொலிக்கும். 40 பேர் பேசினால் பரிமாறுபவருக்கு ஆர்டர் காதில் விழாது. சுவரைக் கான்கிரீட் தோற்றத்தில் விட்டால் கூரையிலாவது ஒலி உறிஞ்சும் பலகை போடுங்கள். நம் பக்கத்துப் பொருளாகவே வேண்டுமென்றால் வந்தவாசிக் கோரைப்பாயைச் சட்டத்தில் அடித்துச் சுவரில் மாட்டலாம், அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி. பார்க்கவும் நன்றாக இருக்கும்.

வேறு நிறம் கிடைக்குமா?

இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெளுக்காது. சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு கிடைக்கும். சிமென்ட் எடையில் 3 முதல் 5 சதவீதம் போதும், 10 சதவீதத்தைத் தாண்டினால் வலு குறையும். நம் வீடுகளின் செங்காவித் தரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சிவப்புப் பாலிஷ் கான்கிரீட் உடனே பிடித்துப்போகும். நான் சாம்பல் நிறத்தைவிட அதையே பரிந்துரைப்பேன். மசாலாக் கறையும் அதில் அவ்வளவாகத் தெரியாது.

ஆவணியில் கடை திறக்க வேண்டும். எப்போது தொடங்குவது?

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆவணி முதல் வாரம் என்றால் ஆகஸ்ட் மூன்றாம் வாரம். சீலர் காய்ந்து, மரச்சாமான் வைக்க ஒரு வாரம். இழைக்கவும் பாலிஷுக்கும் ஒரு வாரம். அதற்கு முன் கான்கிரீட்டுக்கு 28 நாள். ஆக ஜூலை முதல் வாரத்துக்குள் கொட்டியிருக்க வேண்டும். இதில் சுருக்க நினைப்பவர்கள் அந்த 28 நாளில்தான் கை வைப்பார்கள். முற்றாத கான்கிரீட்டை இழைத்தால் மணல் பெயர்ந்து வரும், தரை அம்மைத் தழும்பாகிவிடும். அவசரமானால் மைக்ரோ டாப்பிங்குக்கு மாறுங்கள்.

இழைக்கும் தூசி பக்கத்துக் கடைக்குப் போகாதா?

தண்ணீர் விட்டு இழைக்கச் சொல்லுங்கள், அல்லது தூசி உறிஞ்சும் மெஷின் இணைத்தே இழைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கடையைவிட, மெஷின் பிடிக்கும் தொழிலாளிக்காக இதைக் கேட்பது முக்கியம். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிகா நுரையீரலில் தங்கி, திரும்பச் சரிசெய்ய முடியாத நோயைக் கொண்டுவரும். முகத்தில் துண்டு கட்டுவது அதைத் தடுக்காது. சரியான முகமூடிக்கு ஆகும் பணத்தைக் கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

செலவு எதைப் பொறுத்தது?

கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல கான்கிரீட் ஏற்கெனவே இருந்து, பாலிஷ் மட்டும் என்றால் நல்ல கிரானைட்டைவிடக் குறைவாக முடியும். உடைத்து, அள்ளி, புதிதாகக் கொட்டி, பிறகு பாலிஷ் என்றால் அந்த லாபம் கரைந்துவிடும். கொட்டேஷன் வாங்கும்போது எந்த நம்பர் வரை இழைப்பார்கள், டென்சிஃபையர் எத்தனை முறை, சீலர் எது, வெட்டுக் கோடுகளை நிரப்புவது சேர்த்தியா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் வந்த கொட்டேஷன்களை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு ஓரத்தில் 3 அடிச் சதுரம் மாதிரி போட்டுக் காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கை.

வாசலில் வெள்ளிக்கிழமை எலுமிச்சை, ஆயுதபூஜைக்குப் பூசணி. தரைக்கு ஆகாதா?

எலுமிச்சைச் சாறு அரிக்கும், குங்குமம் உள்ளே இறங்கும், கற்பூரம் எரித்த இடம் கறுத்து நிற்கும். வழக்கத்தை விட வேண்டியதில்லை. வாசலில் 2 அடி அகலத்துக்கு ஒரு கிரானைட் பலகை பதித்துவிடுங்கள். திருஷ்டி கழிப்பது, கோலம் எல்லாம் அதன்மேல் நடக்கட்டும். கிரானைட்டுக்கு எலுமிச்சையால் ஒன்றும் ஆகாது.

தினமும் எதைக் கொண்டு துடைப்பது?

மணல்தான் பாலிஷுக்கு எதிரி, ஆகவே முதலில் மைக்ரோஃபைபர் மாப்பால் உலர்த்துடைப்பு. பிறகு அமிலமோ காரமோ அதிகமில்லாத தரைத் திரவம் கலந்த தண்ணீர். பாத்ரூமுக்கு வாங்கி வைத்த ஆசிட் தரைப்பக்கமே வரக் கூடாது. வேலையாள் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். டேபிள், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை, கேஷ் கவுன்டர் முன்னாலும் கை கழுவும் வழியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சீலர் இருக்கிறது. உள்ளே இறங்கித் தரை கறுத்தால் சீலர் தேய்ந்துவிட்டது; அந்த நடைபாதைக்கு மட்டும் மறுபடி அடித்தால் போதும், கடையை மூட வேண்டியதில்லை.